1999 ஜூலை 23, கொக்கிரகுளம்: ‘நீரில் மூழ்கி’ என்ற சொல் மறைப்பது

1999 ஜூலை 23, வெள்ளிக்கிழமை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கச் சென்ற ஊர்வலத்தின்மீது காவல்துறை தாக்குதல் தொடுத்தது. தாமிரபரணிக் கரையிலும் ஆற்றுக்குள்ளும் 17 பேர் இறந்தனர். இரண்டு பெண்களும் இரண்டு வயதைத் தாண்டாத ஒரு குழந்தையும் அவர்களில் அடங்குவர். இறந்தோரில் பெரும்பாலோர் தலித்துகள்.

திருநெல்வேலி நகரத்தின் வரலாற்றில் இந்த நாள் இரண்டு வகையாக எழுதப்பட்டுள்ளது. ஊர்வலத்தில் சென்றவர்களும் அவர்களது அமைப்புகளும் இதைத் தாமிரபரணிப் படுகொலை என்கின்றனர். அரசு ஏற்றுக்கொண்ட விசாரணை ஆணைய அறிக்கையின்படி, 11 பேர் நீரில் மூழ்கி இறந்தனர்; 6 பேர் காயங்களால் இறந்தனர்; காவல்துறையின் நடவடிக்கை நியாயமானது. இந்த இரண்டு வரலாறுகளுக்கும் இடையில் நிற்பது ஒரே ஒரு சட்டக் கேள்வி. அடிக்குப் பயந்து ஆற்றில் இறங்கியவர் மூழ்கி இறந்தால், அந்த இறப்புக்குக் காரணம் ஆறா, அடித்தவரா? 1999-க்குப் பின் பிறந்த மாணவர்கள் சட்டக் கல்லூரிகளிலிருந்து பட்டம் பெற்று வெளிவந்துவிட்ட காலத்தில், இந்தக் கேள்வியை உணர்ச்சியாக மட்டும் கைமாற்றித் தருவது போதாது. சட்டமாகவும் கைமாற்ற வேண்டும்.

மலையில் தொடங்கிய வழக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையில் மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய குடியிருப்புகளைக் கொண்டது அந்தத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டிலிருந்து 8,373 ஏக்கரை 1929-இல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. அது இன்று வாடியா குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம். ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் 1952-இல் நிலம் அரசுக்கு வந்தது. ஜமீன் போனது, குத்தகை மட்டும் 2028 வரை நீடிப்பதாக நின்றது. மலையில் உழைத்தவர்களோ தலைமுறை தலைமுறையாகச் சமவெளிக் கிராமங்களிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்டவர்கள். வேலை இருக்கும்வரை மட்டுமே வீடு என்ற விதியின்கீழ் ‘லைன்’ வீடுகளில் வாழ்ந்தவர்கள். நிலத்தை ஒரு நூற்றாண்டு ஆளும் உரிமையை ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்க முடிந்த சட்டம், அந்த நிலத்தைத் தோட்டமாக்கியவர்களுக்கு ஒரு சென்ட் வீட்டுமனையைக் கொடுக்கவில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். 2024-இல் நடந்தவற்றுக்கு இதுவே வேர்.

1998-99-இல் கூலி உயர்வும் பணிச்சூழல் தொடர்பான கோரிக்கைகளும் முன்வைக்கப்பட்டுப் போராட்டம் எழுந்தது. டாக்டர் க. கிருஷ்ணசாமியின் தலைமையிலான புதிய தமிழகம் கட்சி அதை முன்னெடுத்தது. போராடியதற்காகக் கைதான 652 தொழிலாளர்கள் திருச்சி சிறையில் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களை விடுவிக்க வேண்டும், கூலிப் பிரச்சினையில் ஆட்சியர் தலையிட்டுப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்பவைதாம் ஜூலை 23 மனுவின் சாரம். அதாவது ஊர்வலம் சென்றது ஒரு தொழில் தகராறுக்காக.

அதை அப்படியே பார்க்க அன்றைய ஆட்சி நிர்வாகத்தால் முடியவில்லை. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளைத் தெரிந்துகொண்டால்தான் காரணம் விளங்கும். 1995 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடி மாவட்டம் கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து தலித் மக்களின் வீடுகளையும் உடைமைகளையும் சூறையாடியது. அந்த எழுச்சியின் தொடர்ச்சியாக 1996-இல் கிருஷ்ணசாமி ஓட்டப்பிடாரத்திலிருந்து சட்டமன்றம் சென்றார். 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியதற்கு எதிராகச் சாதிக் கலவரம் வெடித்தது. எதிர்த்தவர்களை அடக்குவதற்குப் பதிலாக, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அரசு நீக்கியது. 1999-இல் தி.மு.க. பாரதிய ஜனதாவுடன் சேர, தமிழ் மாநில காங்கிரஸ் அதிலிருந்து விலகித் தலித் கட்சிகளுடன் அணி அமைக்கும் முயற்சியில் இருந்தது. நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜூலை 23 ஊர்வலத்தில் தொழிலாளர்களுடன் த.மா.கா.வினரும் இடதுசாரிகளும் முஸ்லிம் அமைப்பினரும் நடந்தனர். கூலி கேட்டு வந்த கூட்டத்தை ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை’ என்ற பெட்டிக்குள் வைப்பதற்கு இவை அனைத்தும் காரணமாயின என்பது என் மதிப்பீடு.

அந்தச் சாலையும் ஆறும்

திருநெல்வேலி சந்திப்பையும் பாளையங்கோட்டையையும் பிரிப்பது தாமிரபரணி. இணைப்பது சுலோசன முதலியார் பாலம். பாலத்தைக் கடந்தால் கொக்கிரகுளம். ஆட்சியர் அலுவலகம் அங்கே ஆற்றை ஒட்டி அமைந்துள்ளது. சந்திப்பிலிருந்து புறப்பட்ட ஊர்வலம் பாலத்தைக் கடந்து ஆட்சியர் அலுவலகத்தை நெருங்கியபோது தடுத்து நிறுத்தப்பட்டது. தலைவர்களின் வாகனத்தை உள்ளே விடுவது தொடர்பாக வாக்குவாதம் எழுந்தது. அதைத் தொடர்ந்து தடியடி தொடங்கியது. கூட்டம் சிதறியது. தடுப்புச் சுவரைத் தாண்டி ஆற்றுக்குள் இறங்கியவர்கள் ஏராளம்.

முதலில் யார் கல் எறிந்தார்கள் என்பதைச் சுற்றியே அன்றைய விவாதம் நடந்தது. அது ஒரு பொறி என்றே கருதுகிறேன். கூட்டத்திலிருந்து கல் வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், கலைந்து ஓடத் தொடங்கிய கூட்டத்தின்மீது தொடர்ந்த அடிக்கு அது விடை ஆகாது. கூட்டத்தைக் கலைக்கச் சட்டம் கொடுக்கும் அதிகாரம், கூட்டம் கலைந்த கணத்தில் முடிந்துவிடுகிறது. ஆற்றுக்குள் நிற்பவர்கள் சட்டவிரோதக் கூட்டமல்லர், தப்பி ஓடியவர்கள். அவர்களைக் காவலர்கள் தடியால் தாக்கும் காட்சிகள் ஒளிப்படங்களிலும் வீடியோவிலும் பதிவாகியுள்ளன. ஆர்.ஆர். சீனிவாசன் இயக்கிய ஆவணப்படம் அந்தக் காட்சிகளைத் தமிழகம் முழுவதும் கொண்டுசென்றது. கரையேற முயன்றவர்கள் விரட்டப்பட்டனர், நீருக்குள் நின்றவர்கள்மீது கற்கள் வீசப்பட்டன என்று தப்பியவர்கள் தொடர்ந்து சொல்லிவந்துள்ளனர்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. மாரி செல்வராஜின் முதல் சிறுகதைத் தொகுப்புக்கு ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ என்று பெயர். தலைப்பில் உள்ள எதிர்மறையைக் கவனிக்க வேண்டும். ஒரு தலைமுறை தன்னை அந்த நாளில் சாகாமல் மிஞ்சியவர்களாக அடையாளம் கண்டது. ஆணையத்தின் அறிக்கையில் அந்த மிஞ்சியவர்களின் உணர்வுக்கு இடமில்லாமல் போனது.

பதினொன்றும் ஆறும்

ஓய்வுபெற்ற உச்சநீதிமன்ற நீதிபதி எஸ். மோகன் தலைமையில் அரசு அமைத்த ஆணையம், காவல்துறையின் செயலை நியாயப்படுத்தியது. அறிக்கையை அரசு ஏற்றது. எந்த அதிகாரியும் குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை. பெரும்பாலான எழுத்துகள் இந்த இடத்தில் ‘நீதி மறுக்கப்பட்டது’ என்று எழுதி நின்றுவிடுகின்றன. அந்த மறுப்பு எந்த வழியில் நிகழ்ந்தது என்பதே நமக்குப் பயன்படும்.

11 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்பது மருத்துவ முடிவு. நுரையீரலில் நீர் புகுந்ததைப் பிரேதப் பரிசோதனை சொல்லும். அந்த மனிதர் ஏன் நீருக்குள் இருந்தார் என்பதை அது சொல்லாது. கொக்கிரகுளத்தில் வெள்ளிக்கிழமையன்று ஒரே நேரத்தில் 11 பேர் குளிக்கச் சென்று மூழ்கவில்லை. இறப்பின் மருத்துவக் காரணமும் இறப்பு நிகழ்ந்த சூழலும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்வியின் விடையை இரண்டாவது கேள்விக்கான விடையாக வைத்ததில்தான் அந்த 11 பேரின் இறப்புக்கும் காவல்துறைக்கும் இருந்த தொடர்பு அறுக்கப்பட்டது.

குற்றவியல் சட்டத்துக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. இங்கிலாந்தில் 1842-இல் தீர்க்கப்பட்ட பிட்ஸ் வழக்கே ஓர் ஆற்றைப் பற்றியதுதான். உடனடித் தாக்குதலுக்கு அஞ்சி ஒருவர் ஆற்றில் குதித்து இறந்தால், அந்த அச்சம் நியாயமானதாகவும், குதித்தது அந்தச் சூழலில் பகுத்தறிவுள்ள ஒருவர் செய்யக்கூடியதாகவும் இருந்தால், அச்சுறுத்தியவரே அந்த இறப்புக்குப் பொறுப்பு என்பது அதன் சாரம். சட்ட மாணவர்கள் காரண காரியத் தொடர்பு பற்றிய பாடத்தில் இதைப் படிக்கின்றனர். தாமிரபரணியுடன் பொருத்திப் பார்க்குமாறு எந்த வகுப்பும் சொல்வதில்லை.

எதிர்த்தரப்பு எடுத்துவைக்கக்கூடிய தீர்ப்பையும் சொல்லிவிட வேண்டும். ஜோகிந்தர் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் (1979) வழக்கில், துரத்தப்பட்ட ஒருவர் கிணற்றில் குதித்து இறந்தார். துரத்தியவர்கள் கொலைக் குற்றவாளிகள் அல்லர் என்றது உச்சநீதிமன்றம். அவர் குதித்தபோது துரத்தியவர்கள் சற்றுத் தொலைவில் இருந்தனர். கிணற்றில் குதிப்பதைத் தவிர வேறு வழியே இல்லாதவாறு அவரை நெருக்கியதற்குச் சான்று இல்லை என்பது காரணம். மேலோட்டமாகப் பார்த்தால் இது காவல்துறைக்குச் சாதகம். கூர்ந்து படித்தால் அந்தத் தீர்ப்பே நமக்கு அளவுகோலைத் தருகிறது. தப்புவதற்கு வேறு வழி இருந்ததா? அடிப்பவர்கள் எவ்வளவு நெருக்கத்தில் இருந்தனர்? இந்த இரண்டுக்கும் விடை கண்டால்தான் பொறுப்பு யாருடையது என்று தீர்மானிக்க முடியும்.

கொக்கிரகுளத்தில் அந்த விடைகள் வரைபடத்தில் இருக்கின்றன. ஒருபுறம் அலுவலகம், மறுபுறம் தடுப்புச் சுவரும் ஆறும், இடையில் காவலர்கள் நிற்கும் சாலை. பஞ்சாப் கிணற்றில் துரத்தியவர்கள் தொலைவில் இருந்தனர். தாமிரபரணியில் தடி ஏந்தியவர்கள் நீர்வரை வந்தனர். இந்த வேறுபாட்டை வைத்து வாதிட்டிருக்க வேண்டிய இடம் குற்றவியல் நீதிமன்றம். வழக்கு அங்கே போகவே இல்லை.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவும் இங்கே பொருந்தும். செயலைக் குறிக்கும் சொற்கள் சட்டவிரோதமான செயலின்மையையும் குறிக்கும் என்கிறது அது. மூழ்குதல் துப்பாக்கிக் குண்டைப் போல நொடியில் முடிவதில்லை. மனிதர்கள் நீரில் தத்தளித்த அந்த நிமிடங்களில் கரையில் இருந்தது பயிற்சி பெற்ற, உயிரைக் காக்கக் கடமைப்பட்ட ஒரு படை. அது என்ன செய்தது, தீயணைப்புத் துறை எப்போது அழைக்கப்பட்டது என்பதெல்லாம் விசாரணைக்குரிய கேள்விகள்.

‘மூழ்கினர்’ என்ற சொல்லின் நிழலில் அந்த ஆறு பேரும் மறைந்துபோயினர். ஆணையத்தின் கணக்கை அப்படியே ஏற்றாலும் ஆறு மனிதர்கள் காயங்களால் இறந்துள்ளனர். கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரத்தைத் தந்த அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, முதலில் கலையுமாறு ஆணையிட வேண்டும், கலையாவிட்டால் பலத்தைப் பயன்படுத்தலாம் என்றது. பயன்படுத்தும் பலம் தேவைக்கு மிகாததாக இருக்க வேண்டும் என்பது காவல்துறை பயிற்சியில் முதல் பாடம். ஆறு பேரைக் கொன்ற தடியடி எந்த அளவுகோலில் தேவைக்கு உட்பட்டது? துப்பாக்கி என்றால் எத்தனை தோட்டா கொடுக்கப்பட்டது, எத்தனை திரும்பியது என்று ஒரு பதிவேடு இருக்கும். தடிக்கு அப்படி எதுவும் இல்லை. யார் அடித்த அடி எந்த மண்டையில் விழுந்தது என்பதைத் தடி சொல்லாது. கூட்டமாக அடித்தால் தனியாளாகப் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்ற இந்தப் பாதுகாப்புக்கு மேல், 132, 197 ஆகிய பிரிவுகள் அரசின் முன் அனுமதி என்ற இரண்டாவது அரணையும் கட்டின. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அவை 151, 218 என்ற எண்களோடு தொடர்கின்றன.

ஆணையத்தின் அறிக்கை இறுதியானது என்ற எண்ணம் நம் இயக்கங்களுக்குள்ளும் பரவலாக உள்ளது. அது சரியன்று. 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டத்தின்கீழ் அமைக்கப்படும் ஆணையம் நீதிமன்றமாகாது. அதன் முடிவு அரசுக்குச் சொல்லப்படும் கருத்து மட்டுமே என்பதை ராமகிருஷ்ண டால்மியா வழக்கில் உச்சநீதிமன்றம் 1958-இலேயே தெளிவுபடுத்தியது. ஓர் ஆணையம் காவல்துறையைக் குற்றமற்றது என்று சொல்வதால் குற்றவியல் வழக்குக்குத் தடை ஏற்படாது. குற்றம் செய்தது என்று சொல்வதால் தண்டனையும் கிடைக்காது. பரமக்குடியில் 2011 செப்டம்பர் 11 அன்று, இமானுவேல் சேகரன் நினைவு நாளில் நடந்த துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி சம்பத் ஆணையமும் காவல்துறையை நியாயப்படுத்தியது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் இறந்ததை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையமோ காவல்துறையைக் கடுமையாகக் குறை கூறியது. இரண்டு வகை அறிக்கைக்கும் பிறகு குற்றவியல் நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்று ஒப்பிட்டால், ஆணையம் என்ற வடிவத்தின் உண்மையான பயன் தெரியும். அது காலத்தை விலைக்கு வாங்கும் கருவி.

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரைத் தண்டிக்க வழி செய்கிறது. ஊர்வலத்தில் பிற சமூகத்தினரும் இருந்ததால் இது சாதி வன்கொடுமை ஆகாது என்ற வாதம் அன்றே எழுந்தது. தலித் தலைமையில் வந்ததாலேயே ஒரு கூலி ஊர்வலம் கலகக் கூட்டமாகக் காணப்பட்டது என்றால், உடன் நடந்தவர்களும் அந்தச் சாதியப் பார்வைக்கே பலியானார்கள். நீதிமன்றத்தில் இதை நிறுவுவது கடினம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மலை காலியாகும்போது

ஜூலை 23-க்குக் காரணமான தோட்டம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. சிங்கம்பட்டிக் காட்டை அரசு 2018-இல் காப்புக்காடாக அறிவித்தது. குத்தகை முடிய நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே, 2024-இல் நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்துப் பணிகளை நிறுத்தியது. வேலை போனால் வீடும் போகும் என்ற பழைய விதி அப்போது முழு வலுவுடன் செயல்பட்டது. தோட்டத்தை அரசின் டேன்டீ நிறுவனமே ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுவாழ்வு நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு அரசுக்கு உத்தரவிட்டது. காட்டைக் காப்பது தேவையே. அந்தக் காட்டைத் தேயிலையாக்கி லாபம் பார்த்தவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு இறங்க, கூலிக்குப் பறித்தவர்கள் மட்டும் ஆக்கிரமிப்பாளர்களைப் போல் இறக்கப்படுவது சூழலியலில் அடங்காது.

இந்தக் குடும்பங்கள் சிதறும்போது ஜூலை 23-இன் சாட்சிகளும் சிதறுகின்றனர் என்பது நாம் போதுமான அளவு பேசாத செய்தி. அன்று முப்பது வயதில் நடந்தவர் இன்று ஐம்பத்தைந்தைக் கடந்தவர். ஆண்டுதோறும் அந்த நாளில் கட்சிகளும் அமைப்புகளும் கொக்கிரகுளத்தில் காவலர்களின் கண்காணிப்பில் ஆற்றில் மலர் தூவிக் கலைகின்றன. அந்தச் சில மணி நேரத்தோடு, வாக்குமூலங்களை முறையாகப் பதிவு செய்யும் பணியையும் சேர்த்தாக வேண்டும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை ஒரு சட்டக் கதவு திறந்தே இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவின்படி, விண்ணப்பிக்கும் நாளுக்கு 20 ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்வு பற்றிய தகவலை, நாட்டின் இறையாண்மை, சட்டமன்ற உரிமை மீறல், அமைச்சரவை ஆவணங்கள் ஆகிய விதிவிலக்குகள் தவிர வேறு காரணம் காட்டி மறுக்க இயலாது. 2019 ஜூலை 23 முதல் இந்த நிகழ்வு அந்த வரம்புக்குள் வந்துவிட்டது. புலனாய்வு பாதிக்கப்படும், தனிநபர் விவரம் என்ற வழக்கமான பதில்கள் இதற்கு இனி செல்லா. மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம், உள்துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். கேட்க வேண்டியவை: அன்றைய கட்டுப்பாட்டு அறைப் பதிவேடு, வயர்லெஸ் குறிப்புகள், கலைந்து செல்லுமாறு ஆணையிட்டவரின் பெயரும் நேரமும், 17 பிரேதப் பரிசோதனைச் சான்றுகள், ஆணையத்தின் முன் தாக்கல் செய்யப்பட்ட பிரமாண வாக்குமூலங்கள், அறிக்கையும் அதன்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பும். பதிவேடு அழிக்கப்பட்டுவிட்டது என்ற பதில் வந்தால், எந்த விதியின்கீழ், எந்த நாளில், யாருடைய உத்தரவால் அழிக்கப்பட்டது என்று அடுத்த விண்ணப்பத்தில் கேட்க வேண்டும். அந்த உத்தரவும் ஓர் ஆவணம்தான்.